தார் சுற்ற வந்தவள் இல்லை

கஸ்தூரியம்மாள் டீச்சர் முதல் நாளே எல்லோருடைய கையையும் நீட்டச் சொல்லிப் பார்த்தாள். சாமியம்மாளின் கையை மட்டும் இரண்டு தடவை பார்த்தாள்.

பண்ருட்டியில் ஆறு வருஷம் முந்திரிக்கொட்டை உடைத்த கை அது. ஓட்டிலிருந்து தெறிக்கிற எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துச் செதில் செதிலாக உரிந்திருந்தது. உரிந்த இடத்தில் வளர்ந்த தோல் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது.

"இந்தக் கையால தறியில நூலைத் தொட்டீன்னா இழை பிரிஞ்சு போயிடும்மா. வெள்ளைத் துணியில கறையும் ஏறிடும். நீ அந்த மூலையில ஒக்காந்து தார் சுத்து" என்றாள் டீச்சர்.

தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் ஒரு சின்னக் குழல் இருக்கும். ராட்டையைக் கொண்டு அந்தக் குழலில் நூலைச் சுற்றி நிரப்புவதுதான் தார் சுற்றுவது. வலது கை ராட்டையைச் சுழற்ற, இடது கை விரல்களுக்கு நடுவில் நூல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

"தார் சுத்தறப்ப மட்டும் என் வெரலு நூலைத் தொடாதுங்களா டீச்சர்?"

டீச்சர் அடுத்த பெண்ணிடம் போய்விட்டாள். அடுத்த பெண்ணுக்கும் தார்தான். அவளுக்கு அடுத்தவளுக்கும் தார்தான். அவர்களுக்கெல்லாம் விரல் நன்றாகவே இருந்தது. கிராமத்திலிருந்து வந்த எட்டுப் பேரும் மூலையில் எட்டு ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் இது விரல் விஷயம் இல்லை என்று சாமியம்மாளுக்குப் புரிந்தது. அன்றைக்குப் பிடித்த கோபம்.

இது எண்பத்தொன்றாம் வருஷம், மாசி மாதம். நெய்வேலி டவுன்ஷிப்பில் காலியாகக் கிடந்த ஒரு குவார்ட்டர்ஸை வாங்கி, பெண்கள் சங்கம் ஒன்று நெசவுப் பயிற்சி ஆரம்பித்திருந்தது. ஆறு மாதப் பயிற்சி, இருபது இடம். பன்னிரண்டு இடம் குவார்ட்டர்ஸ் குடும்பங்களுக்கு. எட்டு இடம் சுரங்கத்துக்காக ஊரை விட்டுக் கிளம்பிய குடும்பங்களுக்கு. அந்த எட்டுப் பேர் இருந்தால்தான் சங்கத்துக்கு மானியம் வரும் என்று பிற்பாடு தெரிந்தது.

சாமியம்மாளுக்கு அப்போது முப்பத்தொரு வயது. அவளுடைய ஊருக்கு அடியில் கரி இருந்ததால் மேலே இருந்தவர்கள் நகர வேண்டியதாயிற்று. நிலம் இருந்தவர்களுக்கு நிலத்துக்கு ஈடு கிடைத்தது. மூன்று தலைமுறையாக அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பத்துக்கு எதற்கு ஈடு கொடுப்பது? ஒரு மனைக்கட்டைக் காட்டினார்கள். அதில் கூரை போட்டுக்கொண்டார்கள். புருஷன் கண்ணையன் காண்டிராக்டில் மண் வெட்டப் போனான். புது இடத்திலிருந்து பண்ருட்டிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. முந்திரி வேலை நின்றது. நெசவு சர்டிபிகேட் இருந்தால் வடலூர்ப் பக்கம் தறி ஷெட்டில் சேர்த்துக்கொள்வார்கள் என்று யாரோ சொன்னார்கள். அதை நம்பித்தான் தினமும் நாலு மைல் நடந்து வந்தாள்.

முதல் மாதம் குவார்ட்டர்ஸ் பெண்களுக்கு அட்டை நெசவு சொல்லிக்கொடுத்தார்கள். தறியே வேண்டாத நெசவு. உள்ளங்கை அகலத்துக்குச் சதுர அட்டைகள், ஒவ்வொன்றின் நாலு மூலையிலும் ஓட்டை. ஓட்டைக்கு ஒரு இழையாகக் கோத்து, இருபது அட்டையைச் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி, நூலின் ஒரு முனையை ஜன்னல் கம்பியிலும் மறுமுனையை இடுப்பிலும் கட்டிக்கொள்ள வேண்டும். அட்டைக் கட்டைக் கால் சுற்றுத் திருப்பினால் இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து நடுவில் வழி விடும். அந்த வழியில் குறுக்கு நூலை விட்டு இறுக்கி, மறுபடி கால் சுற்று. இப்படியே போனால் விரற்கடை அகலத்துக்குப் பட்டை வளரும்.

"இது பழகினாதான் தறி புரியும். நெடுக்க ஓடறது பாவு, குறுக்க ஓடறது ஊடை. ரெண்டும் பின்னுறதுதான் துணி. இத மனசுல வாங்கிக்கிட்டீங்கன்னா தறியில பயமிருக்காது" என்று டீச்சர் அவர்களுக்குச் சொல்வாள். மூலையில் ராட்டைச் சத்தத்துக்கு நடுவே சாமியம்மாள் அதைக் காதில் வாங்கிக்கொள்வாள்.

ஒரு நாள் எழுந்து நின்று கேட்டாள்.

"டீச்சர், எங்களுக்கும் அட்டை குடுங்க."

"அட்டை இருபது செட்டு வரலம்மா. பன்னெண்டுதான் வந்துச்சு."

"அவங்க முடிச்சதும் குடுப்பீங்களா?"

"பார்க்கலாம். தார் தீந்துபோச்சு பாரு, ஒக்காரு."

அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் செருப்புக் கடையில் தூக்கிப்போட்ட அட்டைப் பெட்டிகள் மூன்றைக் கேட்டு வாங்கினாள். அரிவாள்மனையில் வைத்துச் சதுரமாக அறுத்தாள். கோணி ஊசியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி ஓட்டை போட்டாள். நூலுக்குப் பயிற்சிக் கூடத்தில் தினமும் பெருக்கிக் கொட்டுகிற துண்டு இழைகளை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். ஒரு சாண், அரை முழம் என்று கிடந்ததையெல்லாம் முடிச்சுப் போட்டு நீட்டினாள். வாசலில் ஆட்டுக்கு அடித்த முளையில் ஒரு முனையைக் கட்டி, தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

முதல் பட்டை பாம்பு மாதிரி சுருண்டது. ஏன் என்று தெரியவில்லை. பிரித்தாள். மறுபடி கோத்தாள். மறுபடி சுருண்டது. மூன்றாவது தடவை ஒரு சாண் நன்றாகப் போனது, அப்புறம் அட்டை திரும்பவே மறுத்தது. அட்டைகளுக்குப் பின்னால் இழைகள் முறுக்கேறிக் கயிறாகிக் கிடந்தன. சாமியம்மாள் அட்டைக் கட்டை அப்படியே வீசினாள். ஆடு மிரண்டு கத்தியது.

கண்ணையன் கஞ்சி குடித்துக்கொண்டே பார்த்தான். "ஏன் கோவத்த அதும்மேல காட்டற? அது இன்னா பண்ணுச்சு?"

"நீ பேசாத இரு."

மறுநாள் ராட்டையைச் சுற்றிக்கொண்டே குவார்ட்டர்ஸ் பெண்களின் கையை மட்டும் பார்த்தாள். நாலு சுற்று முன்னால் திருப்பியவர்கள் அப்புறம் நாலு சுற்றுப் பின்னால் திருப்பினார்கள். ஏறிய முறுக்கு அவிழ்ந்துபோனது. அட்டைகளில் பாதியை இடமிருந்தும் பாதியை வலமிருந்தும் கோத்திருந்தார்கள், அதனால்தான் பட்டை சுருளவில்லை. இவ்வளவுதானா? இந்த இரண்டு வார்த்தையைச் சொல்வதற்கு டீச்சருக்கு வாய் வலிக்குமா? கோபத்தில் ராட்டையை வேகமாகச் சுற்றியதில் நூல் அறுந்தது. திட்டு வாங்கினாள்.

பத்து நாளில் இரண்டு முழப் பட்டை முடிந்தது. சிவப்பும் மஞ்சளுமாக, முடிச்சு முடிச்சாக இருந்தாலும் ஓரம் நேராக இருந்தது. எடுத்துப் போய் டீச்சர் மேஜையில் வைத்தாள்.

டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கேட்ட முதல் கேள்வி, "நூல் ஏது?"

"பெருக்கிக் கொட்டுனதுங்க."

"யாரைக் கேட்டு எடுத்த?"

"குப்பைங்க அது."

"குப்பையா இருந்தாலும் சென்டரோட குப்பை. இன்னிக்குத் துண்டு நூலு, நாளைக்குக் கட்டு நூலு. இனிமே போறப்ப முந்தானையை ஒதறிக் காட்டிட்டுப் போங்க, எட்டுப் பேரும்."

பட்டை மேஜை டிராயருக்குள் போயிற்று. அன்றிலிருந்து சாயங்காலம் எட்டுப் பெண்களும் வாசலில் நின்று முந்தானையை உதறிக் காட்டிவிட்டு வெளியே போனார்கள். மற்ற ஏழு பேரில் சின்னம்மாள் என்கிறவள், "ஒன்னாலதான்டி இது" என்று சாமியம்மாளைப் பார்த்துச் சொன்னாள். சாமியம்மாளுக்கு அந்த வார்த்தை டீச்சர் சொன்னதைவிடச் சுட்டது. நாலு மைலும் மற்றவர்களுக்கு முன்னால் தனியாக நடந்தாள்.

சித்திரை போய் வைகாசி வந்தது. குவார்ட்டர்ஸ் பெண்கள் தறிக்குப் போய்விட்டார்கள். எட்டுப் பேரும் இன்னும் தார்தான்.

குவார்ட்டர்ஸ் பெண்களில் தறியில் நிஜமாக நெய்யத் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள். பெயர் சந்திரா. அவள் புருஷன் நல்லசாமி சுரங்கத்தில் ஆபரேட்டர், பெர்மனென்ட். திருநெல்வேலிப் பக்கம் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். அவள் தறியில் உட்கார்ந்தால் மிதிகட்டையும் நாடாவும் ஊடையை அடித்து நெருக்குகிற பலகையும் ஒரே தாளத்தில் போகும், மற்ற தறிகளில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "ஐயையோ" என்று சத்தம் வரும். யாரோடும் அதிகம் பேச மாட்டாள். சங்கம் வைக்கப்போகிற கண்காட்சிக்கு வேண்டிய போர்வைகளை அவள்தான் நெய்துகொண்டிருந்தாள்.

ஆனி மாதம் ஒரு புதன்கிழமை. மானியம் கொடுக்கிற கடலூர் ஆபீசிலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்க்க வந்தார். சங்கத்தின் செக்ரட்டரி அம்மா பட்டுச்சேலையில் வந்திருந்தார். போட்டோ எடுப்பவரும் வந்திருந்தார். அதிகாரி கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ஊரிழந்த குடும்பத்துப் பெண்கள் எட்டுப் பேர்னு இருக்கே, அவங்க எங்க?" என்று கேட்டார்.

டீச்சர் வேகமாக மூலைக்கு வந்தாள். "சாமியம்மா, எழுந்து வா. சந்திரா, நீ கொஞ்சம் எறங்கிக்கோ."

சாமியம்மாளைச் சந்திராவின் தறியில் உட்கார வைத்தார்கள். முன்னால் நீலமும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட போர்வை, பாதி நெய்து நின்றது. டீச்சர் அவள் கையில் நாடாவைக் கொடுத்தாள். "சும்மா புடிச்சுக்க. கையை அசைக்காத. சிரி."

சாமியம்மாள் சிரிக்கவில்லை. பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. அதிகாரி தலையாட்டினார்.

"போதும், எறங்கிக்க" என்றாள் டீச்சர்.

சாமியம்மாள் இறங்கவில்லை.

"எறங்குன்னு சொன்னேன்ல."

"நெய்யறவளுன்னு போட்டோ புடிச்சீங்க இல்ல டீச்சர். நெய்ஞ்சிட்டு எறங்கறேன்."

"வெளயாடாத. ஐயா நிக்கிறாரு பாரு."

"ஐயா நிக்கட்டுங்க. ஐயாவும் பாக்கட்டும். நாலு மாசமா தார்தான் சுத்திக்கினு இருக்கறேன். போற வரப்பல்லாம் முந்தானைய ஒதறிக் காட்டறேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு இதுல ஒக்கார வச்சீங்களா?"

யாரும் பிடித்து இழுப்பதற்கு முன்னால் மிதிகட்டையை மிதித்தாள். பாவு பிரிந்து வழி விட்டது. நாடாவை அதன் இடத்தில் வைத்து, மேலே தொங்கிய கயிற்றைச் சுண்டினாள். தூரத்திலிருந்து பார்த்தபோது சுலபமாகத்தான் இருந்தது. நாடா மறுபக்கம் போகாமல் துள்ளி வெளியே பாய்ந்து அதிகாரியின் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. சந்திரா, "விடு! தொடாத!" என்று கத்தினாள். சாமியம்மாள் குனிந்து நாடாவை எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடி சுண்டினாள். இந்தத் தடவை நாடா உள்ளே போயிற்று, ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டது. நின்றது அவளுக்குத் தெரியவில்லை. பலகையை இழுத்து ஓங்கி அடித்தாள்.

படபடபடவென்று சத்தம். நடுப்பாவு மொத்தமும் அறுந்து, இழைகள் இரண்டு பக்கமும் சுருண்டு விழுந்தன. ஒரு சாண் அகலத்துக்குப் போர்வையில் பெரிய வாய் திறந்தது.

செக்ரட்டரி அம்மா அதிகாரியைக் காபி சாப்பிட வெளியே அழைத்துப் போனார். டீச்சர் ரிஜிஸ்டரை எடுத்து, சாமியம்மாளின் பெயரைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்தாள்.

"போ. இனிமே இந்தப் பக்கம் வராத."

சாமியம்மாள் தறியை விட்டு இறங்கினாள். அழுகை வரவில்லை. துணியைக் கெடுத்துவிட்டோமே என்று ஒரு பக்கம், கெட்டால் கெடட்டும் என்று ஒரு பக்கம். வாசலில் பழக்கத்தில் முந்தானைக்குக் கை போனது. சீ என்று விட்டுவிட்டு வெளியே நடந்தாள். கேட்டைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து யாரோ தோளைப் பிடித்து இழுத்தார்கள். சந்திரா.

"எங்கட்டி போற? அறுத்துப் போட்டுட்டு அப்படியே போயிருவியோ?"

"ட்டி போட்டுப் பேசாதீங்க."

"பின்ன எப்படிப் பேசணும்? நூத்திப் பன்னெண்டு இழை! எண்ணிட்டு வாரேன். பத்து நாள் பாடு. உன் கோவத்துக்கு என் பாவுதான் கெடச்சுதா?"

"போட்டோவுக்கு ஒங்க தறிதான கெடச்சுது அவங்களுக்கு?"

சந்திரா ஒரு நிமிஷம் அவளை முறைத்தாள். "வந்து கட்டு. நூத்திப் பன்னெண்டையும் நீதான் கட்டணும். நான் ஒரு இழை தொட மாட்டேன்."

இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். டீச்சர் எழுந்தாள். "சந்திரா, அவ பேரை அடிச்சாச்சு."

"அடிச்சா அடிச்சிக்கிடுங்க. அறுத்ததைக் கட்டிட்டுப் போகட்டும். இல்லன்னா கண்காட்சிக்குப் போர்வைக்கு வேற ஆளைப் பாத்துக்கிடுங்க."

வேறு ஆள் இல்லை என்பது டீச்சருக்குத் தெரியும். ரிஜிஸ்டரை மூடி வைத்தாள்.

கட்டுவதற்கு நாலு நாள் ஆயிற்று. ஒவ்வொரு இழையும் பின்னால் உருளையிலிருந்து வந்து, நூல் கண்ணிகளாகத் தொங்குகிற விழுதில் தனக்கென்று உள்ள ஒரு கண்ணில் நுழைந்து, சீப்புப் பல் மாதிரி இருக்கிற அச்சில் தனக்கென்று உள்ள ஒரு சந்தில் நுழைந்து, முன்னால் துணிக்கு வருகிறது. அறுந்த இழைக்குத் துணை நூல் பிணைத்து அதே வழியாகக் கொண்டுவர வேண்டும். ஒன்று இடம் மாறினால் பக்கத்தில் இருப்பதெல்லாம் இடம் மாறிவிடும். நீலத்தின் இடத்தில் வெள்ளை வந்தால் போர்வை முழுக்கக் கோடு விழும்.

முதல் நாள் சாமியம்மாளின் விரலில் நூல் ஒட்டிக்கொண்டு பிரிந்தது. பிணைத்ததெல்லாம் நழுவியது. சந்திரா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதுக்குத்தான் தொடாதன்னாங்க போல" என்றாள் சந்திரா.

"என் வெரலு தானா இப்படி ஆகலீங்க. கொட்டை ஒடச்சு ஆனது."

"எனக்கென்ன அதுக்கு? எங்க ஊர்ல சுண்ணாம்புக் காளவாயில வேல பாத்தவளும் பாவு பிணைக்கா." அவள் எழுந்து போய் ஒரு கொட்டாங்கச்சியில் திருநீறு கொண்டுவந்து வைத்தாள். "வெரல் நுனியில தொட்டுக்கோ. ரெண்டு நுனியையும் சேத்து வச்சு உருட்டு. முடிச்சுப் போடாத, முடிச்சு கண்ணுல மாட்டும். உருட்டு. இறுக்கமா."

நூல் நழுவாமல் நின்றது.

நாலு மாதத்தில் தெரிந்துகொள்ளாததை அந்த நாலு நாளில் தெரிந்துகொண்டாள். எந்த மிதி எந்த விழுதைத் தூக்குகிறது, பாவு தொய்ந்தால் நாடா ஏன் நிற்கிறது, பலகையை அடிப்பதற்கு முன்னால் நாடா கரை சேர்ந்த சத்தம் காதில் விழ வேண்டும் என்பதெல்லாம். சந்திரா எதையும் நல்லபடியாகச் சொல்லவில்லை. "கண்ணு தெரியலையா", "அது இல்ல, அடுத்தது", "அவிழ்த்துட்டு மறுபடி கட்டு", அவ்வளவுதான். ஆனால் எதையும் மறைக்கவும் இல்லை.

மூன்றாம் நாள் சாமியம்மாள் பொறுக்க முடியாமல் சொன்னாள். "ஒங்களுக்கு இன்னாங்க, பொறக்கறப்பவே தறி இருந்துச்சு."

சந்திராவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏழு வயசுல குழித்தறிக்குள்ள எறக்கி விட்டாங்க. பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவுலதான் இருந்துச்சு, மணிச் சத்தம் கேக்கும். கல்யாணம் ஆகி ரயில் ஏறினப்ப இனிமே இந்தச் சனியனைத் தொட மாட்டேன்னு நெனச்சேன். இங்க வந்தா, நெசவுக் குடும்பமாமே, வந்து நெய்ஞ்சு குடும்மான்னு கூப்பிடுதாங்க. ஆபீசர் சம்சாரம் கூப்பிட்டா முடியாதுன்னு சொல்ல முடியுமா? எட்டுப் போர்வை. எட்டுலயும் வேற வேற பேரை எழுதி வப்பாங்க. எம் பேரு ஒண்ணுலதான் இருக்கும்."

"அப்ப அத ஏன் இவ்ளோ நாளா சொல்லாத இருந்தீங்க?"

"யார்கிட்டச் சொல்ல?"

"எங்கிட்டக் குடுங்க. நான் நெய்யறேன். ஒங்களுக்குப் பிடிக்கல, எனக்கு வேணும்."

சந்திரா கொட்டாங்கச்சியை அவள் பக்கம் நகர்த்தினாள். ஐந்தாம் நாள் கட்டி முடிந்த பாவைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "ஏறி ஒக்காரு" என்றாள்.

சாமியம்மாள் ஒரு சாண் நெய்தாள். ஓரம் உள்வாங்கி இடுப்பு மாதிரி குறுகிப்போனது. "பிரி" என்றாள் சந்திரா. பிரித்தாள். மறுபடி நெய்தாள். "ஊடையை இழுத்துக் கட்டுத, தளர விடு. பிரி." மூன்றாவது தடவை பிரிக்கச் சொல்லவில்லை. டீச்சர் வந்து, "பேரில்லாதவள எப்படித் தறியில வைக்கிறது" என்று ஆரம்பித்தபோது, சந்திரா தலையைத் தூக்காமலே, "என் தறி. எனக்கு இடுப்பு வலி. நான் சொல்லுதேன், அவ நெய்யுதா" என்றாள். அப்படியே பத்துப் பன்னிரண்டு நாள் ஓடியது. போர்வைகளில் இரண்டு சாமியம்மாளின் கையால் முடிந்தன.

ஆடி மாதம் சங்கத்தின் ஆண்டு மலர் அச்சாகி வந்தது. நாலாம் பக்கத்தில் அந்தப் போட்டோ. தறியில் நாடாவோடு சாமியம்மாள், கடுகடுவென்ற முகம். கீழே, "ஊரிழந்தும் உள்ளம் தளராமல் நெசவு பயின்று தேர்ச்சி பெறும் பெண்" என்று போட்டிருந்தது. சந்திரா எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினாள். அடுத்த வாரம் பரீட்சை. பரீட்சை எழுதுகிறவர்களின் பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தது. அதில் பன்னிரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். ஊரிலிருந்து வந்த மற்ற ஏழு பேருக்கு "வருகைச் சான்று" மட்டும் தருவதாக எழுதியிருந்தது. சாமியம்மாளின் பெயர் எதிலும் இல்லை.

சாமியம்மாள் மலரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மூலைக்குப் போனாள். "எழுந்துருங்க" என்றாள். ஏழு பேரும் ராட்டையை விட்டு நிமிர்ந்தார்கள்.

"எங்க?" என்று சின்னம்மாள் கேட்டாள்.

"செக்ரட்டரி அம்மா வூட்டுக்கு."

"மறுபடியும் ஒன்னால எதுனா ஆவப்போவுது."

"ஆவட்டும். ஆறு மாசம் தார் சுத்துனதுக்கு வந்தேன் போனேன்னு ஒரு காயிதம் குடுக்கறாங்க. அத வாங்கிக்கினு எந்த ஷெட்டுல போயி நிப்ப?"

சின்னம்மாள் முதலில் எழுந்தாள்.

ஆபீசர் குவார்ட்டர்ஸ் தெருவில் எட்டுப் பெண்கள் சேர்ந்து நடந்துபோனதை வீட்டு வாசல்களில் நின்று பார்த்தார்கள். செக்ரட்டரி அம்மா கிராதிக் கதவைத் திறக்காமல் உள்ளே நின்றே, "என்ன விஷயம்?" என்றார்.

சாமியம்மாள் நாலாம் பக்கத்தைப் பிரித்துக் கதவில் வைத்துக் காட்டினாள். "இது நானுங்க. தேர்ச்சி பெறுவேன்னு போட்டிருக்கீங்களாம். ரிஜிஸ்டர்ல எம் பேர செவப்பு மையில அடிச்சிருக்குது. ரெண்டுல எதும்மா பொய்?"

"டீச்சர்கிட்டப் பேசிக்கோம்மா."

"டீச்சர்கிட்ட ஆறு மாசம் பேசிட்டேங்க. இனிமே அன்னிக்கு வந்தாரே அந்த ஐயா, அவருகிட்டத்தான் பேசணும். இந்தப் புஸ்தகத்த எடுத்துக்கினு கடலூருக்குப் போறோம். எட்டுப் பேரும் போறோம். பஸ்ஸுக்கு இல்லன்னாலும் நடந்து போறோம்."

செக்ரட்டரி அம்மா மலரைப் பார்த்தார், எட்டுப் பேரையும் பார்த்தார். உள்ளே போன் அடித்தது, எடுக்கவில்லை. "பரீட்சைக்கு எழுதிக்கச் சொல்றேன், போ" என்றார் கடைசியில்.

"என்ன மட்டும் இல்லீங்க. எட்டுப் பேரையும். பரீட்சையப் பத்து நாளு தள்ளி வைங்க. அதுவரைக்கும் எங்களுக்குத் தறி வேணும்."

"அதெப்படி..."

"அவங்க தார் சுத்தட்டும். நாங்க சுத்தலையா?"

பரீட்சை பத்து நாள் தள்ளிப்போனது. குவார்ட்டர்ஸ் பெண்கள் தார் சுற்றவில்லை, வீட்டில் இருந்துவிட்டார்கள். அந்தப் பத்து நாளும் எட்டுப் பேருக்கும் தாரையும் சுற்றிக்கொண்டு தறியிலும் உட்கார வேண்டியிருந்தது. சந்திரா வந்து ஒவ்வொருத்தியையும் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தாள். டீச்சர் மேஜையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. இழை அறுந்தால் ஏழு பேரும் சாமியம்மாளைத்தான் கூப்பிட்டார்கள். அறுந்ததைக் கட்டுவதில் அவளுக்கு மிஞ்சி அங்கே ஆள் இல்லாமல் போயிற்று.

பரீட்சைக்கு வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சாமியம்மாள் நெய்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஓரம் ரெண்டு எடத்துல கோணலா இருக்கேம்மா."

"கோணல்தாங்க. பழக்கம் பத்தலங்க."

"ஏன், ஆறு மாசப் பயிற்சிதானே?"

"அத டீச்சரக் கேளுங்க."

அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஜன்னலைப் பார்த்தாள். பாவில் பத்து இழையை அவரே கத்தரியால் வெட்டிவிட்டுக் கட்டச் சொன்னார். சாமியம்மாள் திருநீற்றைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் பத்தும் கட்டியாகிவிட்டது.

எட்டுப் பேரில் ஐந்து பேர் தேறினார்கள். சின்னம்மாள் தேறவில்லை. அதற்கும் அவள் சாமியம்மாளோடு ஒரு மாதம் பேசவில்லை. பத்து நாளுக்குப் பதில் நாலு மாதம் தறி கிடைத்திருந்தால் சின்னம்மாளும் தேறியிருப்பாள் என்பதை நினைக்கும்போதெல்லாம் சாமியம்மாளுக்குப் பழைய கோபம் திரும்பும்.

வடலூர் ஷெட்டில் சேர்ந்த பிறகும் அவள் குணம் மாறவில்லை. அங்கே மேஸ்திரியோடு நூல் ஈரமாக வருகிறது என்று சண்டை, கூரை ஒழுகுகிறது என்று சண்டை. எண்பத்தாறில் அங்கே தார் சுற்றுகிறவர்களுக்கும் வாரத்தில் ஒரு நாள் தறி கொடுக்க வேண்டும் என்று ஆரம்பித்து வைத்தவளும் அவள்தான். சந்திரா மறுபடி தறியைத் தொடவில்லை. வடலூர்ச் சந்தையில் பார்த்துக்கொண்டால் இரண்டு பேரும் நின்று பேசுவார்கள். சந்திரா "நீ" என்பாள், சாமியம்மாளும் "நீ" என்பாள்.

சர்டிபிகேட் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். பரீட்சை முடிந்து ஒரு மாதத்தில் வந்தது. வாங்கிக்கொண்டு போய்ச் சந்திராவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். சந்திரா வாசித்துவிட்டுச் சிரித்தாள். "'சாமியம்மா'ன்னு போட்டிருக்காங்க. கடைசி எழுத்தை விட்டுட்டாங்க."

சாமியம்மாள் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு சங்க ஆபீசுக்குப் போனாள். அங்கிருந்த கிளார்க், "ஒரு எழுத்துதானம்மா, யார் பாக்கப் போறாங்க, விடு" என்றார்.

"எம் பேரு சாமியம்மாள்."

"இப்ப டைப் அடிக்க ஆள் இல்ல. அடுத்த வாரம் வா."

"ஆளு வரட்டும்" என்று வராந்தாவில் உட்கார்ந்தாள். மதியம் ஷிப்ட் சங்கு ஊதியது. கிளார்க் சாப்பிடப் போய்விட்டு வந்தார், உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்கு அவரே மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தேடித் தேடி ஒரு புதுத் தாளில் அடிக்க ஆரம்பித்தார். சாமியம்மாள் எழுந்து போய் அவர் பின்னால் நின்றுகொண்டாள்.